இறக்கத்தில் வெடி, ஏற்றத்தில் தும்மல், சமதளத்தில் மிஸ்ஸிங்

மாமாவின் அம்பாசடரில் புகார் மூன்று. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் டாப் கியரில் அறுபதில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு வெட்டு, அதாவது மிஸ்ஸிங். கூடவே சைலன்சரில் ‘டப்’ என்று ஒரு சத்தம். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் படபடவென்று வெடி. அதே கணவாயில் திரும்பி ஏறும்போது சத்தம் இடம் மாறிவிடும்: பானெட்டுக்குள்ளிருந்து, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டர் தும்மும், இழுவை குறையும், சரக்கு லாரிகள்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போகும்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரு பட்டறையில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார்கள். குறையவில்லை. வேறொரு பட்டறையில் அதையே மறுபடி கழற்றி, புதிய கேஸ்கட் கிட் போட்டு, ஐட்லிங்கை (காலை எடுத்த நிலையில் எஞ்சின் ஓடும் வேகம்) தூக்கி வைத்து அனுப்பினார்கள். வெடி இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. பழைய வண்டி என்றாலே கார்பரேட்டர்தான் குற்றவாளி என்று ஒரு தீர்ப்பு நம் ஊர்களில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழுவுவது சுலபம், பில் போடுவதும் சுலபம்.

“மாப்பிள்ளை, வண்டி சாகப்போகிறது என்றால் சொல்லிவிடு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இன்னொரு முறை கார்பரேட்டர் என்று மட்டும் சொல்லாதே” என்றார் மாமா. வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தது.

வண்டி 1986ஆம் ஆண்டு மார்க் 4. பெட்ரோல், 1,489 சி.சி., நான்கு சிலிண்டர். பிரிட்டனின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்து எஞ்சின். இந்த எஞ்சினின் ஹெட்டில் ஒரு விசேஷம் உண்டு. நான்கு சிலிண்டருக்கும் உறிஞ்சும் துளைகள் இரண்டே: ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்றாம், நான்காம் சிலிண்டர்கள் மற்றொன்றை. புகை வெளியேறும் துளைகள் மூன்று: ஒன்றாவதற்குத் தனி, நடு இரண்டுக்கும் பொது, நான்காவதற்குத் தனி. இந்தத் துளைகளோடு சேரும் குழாய்த் தொகுப்புகளான உறிஞ்சும் மேனிஃபோல்டும் புகை மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், கசிவை அடைக்கும் ஒரே கேஸ்கட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது எப்படி என்பது பின்னால் வரும்.

எதையும் கழற்றும் முன் மாமாவை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின் சீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இறக்கம், பிறகு திரும்பி ஏற்றம். வெடிச் சத்தத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: எந்த வாய் வழியாக வருகிறது, அந்த நேரத்தில் ஓட்டுபவரின் கால் என்ன செய்கிறது?

சைலன்சர் வழியாக வெடித்தால் சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிகிறது என்று பொருள். பொறி தவறியிருக்கலாம், கலவை பற்றாமல் போயிருக்கலாம், பொறி விழும் டைமிங் மிகவும் பிந்தியிருக்கலாம். கார்பரேட்டர் வழியாகத் தும்மினால் பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைவு. அத்தகைய கலவை மெதுவாக எரியும். உறிஞ்சும் வால்வு அடுத்த முறை திறக்கும்போதும் சிலிண்டருக்குள் நெருப்பு மிச்சம் இருக்கும். அது மேனிஃபோல்டில் காத்திருக்கும் புதிய கலவையைப் பற்றவைத்துவிடும். உறிஞ்சும் வால்வு சரியாக அடைக்காவிட்டாலும், பிளக் வயர்களை மாற்றிச் செருகியிருந்தாலும் இதே தும்மல் வரும்.

காலைப் பற்றிய கேள்வி இதைவிட முக்கியமானது. காலை முழுதாக எடுத்துவிட்டால் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு மூடிக்கொள்ளும், எஞ்சின் மேனிஃபோல்டில் வேக்கம் (வெற்றிட இழுப்பு) உச்சத்துக்குப் போகும். முழுதாக அழுத்தினால் வேக்கம் ஏறக்குறைய இல்லாமல் போகும், பெட்ரோல் தேவை உச்சத்தில் இருக்கும். ஆகவே இறக்கத்தில் மட்டும் வரும் கோளாறு காற்றுக் கசிவைச் சுட்டும். ஏற்றத்தில் மட்டும் வருவது பெட்ரோல் வரத்தையோ பலவீனமான பொறியையோ சுட்டும். மாமாவின் வண்டி இரண்டிலும் தகராறு செய்தது, நடுவில் சமதளத்திலும் செய்தது. ஒரே காரணம் தேடினால் கிடைக்காது என்று திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் எஞ்சினின் உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சூடான எஞ்சினில் நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் நான்கும் 120க்கும் 130 பி.எஸ்.ஐ.க்கும் நடுவில் நின்றன. வால்வும் ரிங்கும் குற்றமற்றவை. வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள டப்பட் இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. இந்த எஞ்சினில் எட்டு வால்வுகளையும் சரிபார்க்க ஒன்பது என்ற கணக்கு கைகொடுக்கும்: எட்டாவது வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது முதலாவதைப் பார்க்க வேண்டும், ஆறாவது அழுந்தியிருக்கும்போது மூன்றாவதை, கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இரண்டு வால்வுகள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தன, சரிசெய்தேன்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் செய்தித்தாளில் வைத்தபோது ஒரு தடயம் கிடைத்தது. ஒன்றும் இரண்டும் கொஞ்சம் கருத்த பழுப்பு. மூன்றும் நான்கும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தன. கார்பரேட்டரே தவறு என்றால் நான்கும் ஒரே நிறத்தில் அல்லவா இருக்க வேண்டும்? ஒரு ஜோடி மட்டும் வெளுத்திருக்கிறது என்றால், அந்த ஜோடி பகிர்ந்துகொள்ளும் துளைக்குப் பக்கத்தில் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. அதை அப்படியே குறித்து வைத்துவிட்டுச் சமதள மிஸ்ஸிங்கை முதலில் எடுத்தேன். பொறி சரியாக இல்லாத வண்டியில் கலவையைப் பற்றி எடுக்கும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் புதிதாகவே இருந்தது. பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் புதியது, இடைவெளி 15 தவ், விதிப்படி 14 முதல் 16 வரை இருக்கலாம். கண்டென்சர் புதியது. ரோட்டர் பளபளத்தது. மூடிக்குள் விரிசலோ கரிக்கோடோ இல்லை. பிளக் வயர்கள் 1-3-4-2 வரிசையில், ரோட்டர் சுழலும் இடஞ்சுழியாகவே செருகப்பட்டிருந்தன. வேகமாக எஞ்சினைத் தூக்கினால் மிஸ்ஸிங்கே இல்லை. ஐட்லிங்கிலும் பொறி ஒழுங்காக வந்தது. பாதிக் கால் அழுத்தத்தில் மட்டும் வெட்டு.

பாதிக் கால் அழுத்தத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் என்ன நடக்கிறது? கார்பரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் வழியாக வேக்கம் ஏறி, டயாஃப்ரம் இழுத்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு லேசாகத் திரும்புகிறது. பொறி சற்று முன்னதாக விழுகிறது. முழுக் கால் அழுத்தினால் வேக்கம் விழுந்து தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். ஐட்லிங்கில் அந்தக் குழாயின் வாய் திராட்டில் தகட்டுக்கு மேலே இருப்பதால் தட்டு அசையவே அசையாது. ஆகத் தட்டு திரும்பும் நேரத்தில்தான் வெட்டு. தட்டோடு சேர்ந்து வளைகிற வயர் ஒன்று இருக்கிறது: பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் மின்சாரத்தைப் பாயிண்டுக்குக் கொடுக்கும் சின்னத் துணி வயர், விரல் நீளம்கூட இருக்காது.

இதைச் சோதிக்க மல்டிமீட்டரும் ஒரு வாயும் போதும். எஞ்சினைக் கையால் திருப்பிப் பாயிண்ட் மூடியிருக்கும்படி நிறுத்தினேன். சாவியை ஆன் செய்து, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவில் வோல்டேஜ் பார்த்தேன். 0.2. நல்ல இணைப்பு என்றால் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும், இருந்தது. இப்போது வேக்கம் குழாயைக் கார்பரேட்டர் பக்கத்தில் பிடுங்கி வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினேன். (பெட்ரோல் வாடை நாக்கில் ஒட்டும், முதலில் துடைத்துவிடுவது நல்லது.) தட்டு நகர்ந்தது. மீட்டர் 0.2இலிருந்து 12க்குத் தாவி, மறுபடி 0.2க்கு வந்து, மறுபடி 12 காட்டியது. காயிலுக்கும் பாயிண்டுக்கும் நடுவில் சுற்று அறுந்து அறுந்து கூடுகிறது.

வயரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மேலே துணி உறை முழுசாக, கொஞ்சமும் பிசிறு இல்லாமல் இருந்தது. நகத்தால் நடுவில் அழுத்தினால் மட்டும் ஒரு இடம் துவண்டது. உறையைக் கீறிப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி இழைகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அறுந்து, இரண்டு முனைகளும் சின்னத் துடைப்பங்களாக எதிரெதிரே நின்றன. தட்டு பழைய இடத்தில் இருக்கும்போது தொடும். தட்டு திரும்பினால் விலகும். பாயிண்டையும் கண்டென்சரையும் எத்தனை முறை மாற்றினாலும் இந்த வயரை யாரும் மாற்றுவதில்லை, ஏனென்றால் பாயிண்ட் செட்டோடு அது வருவதில்லை.

இதற்குச் சாதாரண வீட்டு வயரை வெட்டிப் போட்டுவிடக் கூடாது. கெட்டியான வயர் தட்டைத் திரும்பவிடாமல் தடுக்கும், சில மாதங்களில் முறிந்தும் போகும். நூல் போல் மெல்லிய இழைகள் பல கொண்ட வயர் வேண்டும். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பழைய வண்டி உதிரிகள் விற்கும் கடையில் அளவாகவே கிடைத்தது. அங்கே போனதால் மேனிஃபோல்டு கேஸ்கட்டையும் வாங்கிக்கொண்டேன். தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவில் உள்ள எர்த் வயரையும் கூடவே மாற்றினேன். அதுவும் அதே வயது, அதே வளைவு. சமதள மிஸ்ஸிங் அதோடு ஒழிந்தது. கிருஷ்ணகிரி அணை வரை ஒரு வெட்டும் இல்லாமல் போய் வந்தோம்.

இறக்கத்து வெடி அப்படியே இருந்தது. வெளுத்த மூன்றாம், நான்காம் பிளக்குக்குத் திரும்பினேன். ஐட்லிங்கில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கி எர்த்தில் பிடித்துப் பார்த்தால், ஒன்றிலும் இரண்டிலும் எஞ்சின் நன்றாகத் தொய்ந்தது; மூன்றிலும் நான்கிலும் அவ்வளவாகத் தொய்வில்லை. (பிடுங்கிய வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் காயிலுக்குக் கேடு. ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர் அவசியம், இல்லையேல் கை உதறும்.)

காற்றுக் கசிவைத் தேடப் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. இந்த எஞ்சினில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். உறிஞ்சும் குழாய்க்கு நேர் கீழே பழுக்கக் காய்ந்த புகை மேனிஃபோல்டு இருக்கிறது. எனக்குத் தெரிந்த லேத் மேஸ்திரி ஒருவர் ஆயில் கேனோடு வந்தார். நீளமான மூக்கு கொண்ட பழைய கேன். ஐட்லிங்கில் விட்டு, கேஸ்கட் ஓரமாக முன்பக்கத்துத் துளையைச் சுற்றி ஒரு கோடு ஆயில் விட்டார், ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கத்துத் துளையின் கீழ் ஓரத்துக்கு வந்ததும் ஆயில் கோடு நடுவில் விட்டுப்போனது: உள்ளே இழுக்கப்பட்டுவிட்டது. சில நொடிகள் எஞ்சின் சீராக ஓடி, பின்னால் நீலப் புகை வந்தது. “தம்பி, அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது, பாருங்கள்” என்றார்.

கேஸ்கட்டின் அதே மூலையில் நான்காம் சிலிண்டரின் புகைத் துளையைச் சுற்றி விசிறி வடிவில் கரி படிந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தோம். மறுநாள் குளிர்ந்த எஞ்சினைத் தட்டிவிட்டு, சைலன்சர் வாயை ஈரத் துணியால் பாதி அடைத்துப் பிடித்தபோது அந்த இடத்தில் ‘டிக் டிக் டிக்’ என்று தெளிவாகக் கேட்டது. ஒரே கேஸ்கட்டின் ஒரே மூலையில் இரண்டு கசிவுகள். இறக்கத்தில் காலை எடுத்ததும் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது விளங்கியது. வேக்கம் உச்சத்தில் இருக்கும்போது பின் ஜோடிக்குத் திருட்டுக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கலவை பற்றவே முடியாத அளவுக்கு மெலிந்து எரியாமலே வெளியேறுகிறது. புகைத் துளைக் கசிவு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடுகிறது. குழாயில் எரியாத பெட்ரோல், தேவையான காற்று. முன் ஜோடியிலிருந்து சூடான புகை வந்து சேர்ந்ததும் வெடிக்கிறது. ஐட்லிங்கைத் தூக்கி வைத்தபோது வெடி பலத்ததற்கும் காரணம் இதுவே: எரியாமல் போகும் பெட்ரோலின் அளவு கூடியிருந்தது.

கேஸ்கட்டைப் பிரித்தோம். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் தண்ணீரில் நனைத்து ஈரமாகவே சுரண்டினேன், தூசி பறக்கவிடவில்லை. புதியதை அப்படியே வைத்து முடுக்கிவிடலாம் என்றுதான் கை பரபரத்தது. மேஸ்திரி விடவில்லை. நேர்க்கோல் வைத்துப் புகை மேனிஃபோல்டின் முகத்தைப் பார்த்தார். பின் முனையில் 12 தவ் ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாக நுழைந்தது; பல வருடச் சூட்டில் வார்ப்பு வளைந்திருக்கிறது.

அதைவிட நுட்பமான இன்னொன்றையும் அவர் காட்டினார். இந்த எஞ்சினில் நடு ஸ்டட்களில் வரும் தடித்த வாஷர், ஒரு பாதி உறிஞ்சும் மேனிஃபோல்டின் காதிலும் மறு பாதி புகை மேனிஃபோல்டின் காதிலுமாக உட்கார்ந்து இரண்டையும் ஒரே நட்டால் அழுத்துகிறது. இரண்டு காதுகளும் ஒரே தடிமனில் இருந்தால்தான் அழுத்தம் சமமாக விழும். எங்கள் வண்டியில் உறிஞ்சும் பக்கத்துக் காது ஒரு நகக்கனம் மெலிந்திருந்தது. நட்டை எவ்வளவு முடுக்கினாலும் வாஷர் சாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. பழைய வாஷரைப் புரட்டிப் பார்த்தால் ஒரு பாதியில் ஆழமான தேய்மானம், மறு பாதியில் துரு அப்படியே. இதைப் பார்க்காமல் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி ஊதும்.

மேஸ்திரி புகை மேனிஃபோல்டின் முகத்தைச் சமமாக வெட்டி எடுத்தார். அதில் புகைப் பக்கத்துக் காதும் கொஞ்சம் மெலிந்து வித்தியாசம் குறைந்தது. மிச்சத்துக்கு வாஷர்களில் ஒரு படி விட்டுக் கடைந்து கொடுத்தார். மாம்பழக் காலம் என்பதால் கூழ் ஆலை வேலைகள் அவர் பட்டறையில் குவிந்து கிடந்தன. எங்கள் மேனிஃபோல்டு பொறுமையாகத் தன் முறைக்குக் காத்திருந்தது. பூட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக முடுக்கி, ஒரு முறை சூடேற்றி ஆறவிட்டு மறுபடி முடுக்கினேன். தொப்பூரில் இறங்கியபோது மாமா வேண்டுமென்றே காலை எடுத்து எடுத்துப் பார்த்தார். பின்னால் டயர் ஓசை மட்டும் கேட்டது. “இப்போது சைலன்சர் விழுந்துவிட்டதா என்று சந்தேகமாக இருக்கிறது” என்றார்.

ஏற்றத்துத் தும்மலுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஏறும்போது தும்மத் தொடங்கியதும் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை அரை அங்குலம் இழுக்கச் சொன்னேன். உடனே தும்மல் நின்று வண்டி இழுத்தது. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. பின்னால் உள்ள டேங்கிலிருந்து எஞ்சின் பக்கத்துப் பம்ப் வரை பெட்ரோலை உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். பம்புக்கு முன்னால் இருந்த ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்தால் வெடிப்புகள். ஆனால் ஒரு சொட்டும் கீழே கசியவில்லை. உறிஞ்சும் பக்கத்தில் பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகிறது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து முழு நீளத்துக்கும் மாற்றினேன்.

தும்மல் முக்கால்வாசி போயிற்று. மிச்சக் கால்வாசிக்குப் பெட்ரோலே காரணம். நம் பெட்ரோல் பங்க்குகளில் எத்தனால் கலப்பு 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 போதும். புதிய வண்டியில் கம்ப்யூட்டர் இதை அளந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 1986ஆம் ஆண்டுக் கார்பரேட்டருக்கு அது தெரியாது. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான பழைய ஜெட் பழைய அளவையே விடும், கலவை எட்டு சதவீதம் போல மெலிந்துவிடும். ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது. 115 ஜெட்டுக்குப் பதில் 120 போட்டால் எண்ணில் ஐந்துதான் வித்தியாசம், ஆனால் துளையின் பரப்பு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். ஒரு படி மட்டும் ஏற்றிப் போட்டேன். இதைக் கடைசியாகச் செய்வதே முறை. கசிவை அடைக்கும் முன் ஜெட்டைப் பெரிதாக்கியிருந்தால் முன் ஜோடி பிளக்குகள் கரியில் மூழ்கியிருக்கும், பின் ஜோடி வெளுத்தபடியே இருந்திருக்கும்.

பிறகு டெஸ்ட் லைட் வைத்து டைமிங், பிளக் இடைவெளி 25 தவ், கடைசியாக ஐட்லிங் கலவை. கொஞ்ச நாள் ஓடிய பின் கழற்றிய பிளக்குகள் நான்கும் ஒரே வெளிர்ப் பழுப்பில் இருந்தன.

கார்பரேட்டரை முழுக்க விடுதலை செய்துவிடவும் முடியவில்லை. ஜெட் மாற்றும்போது திராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் லொடலொடவென்று ஆடியது. அந்தத் தேய்மானத்தின் வழியாகவும் காற்று போகிறது, அதனால் காலையில் எஞ்சின் சூடேறும் வரை ஐட்லிங் கொஞ்சம் தள்ளாடுகிறது. இரண்டு முறை அதைக் கழற்றிக் கழுவியவர்கள் தண்டை ஆட்டிப் பார்க்கவில்லை. வெண்கல புஷ் அடிக்க வேண்டும். மாங்காய் லோடு முடிந்து மேஸ்திரிக்கு நேரம் கிடைக்கும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதுவரை காலையில் இரண்டு நிமிடம் சோக்கைப் பாதி இழுத்து வைத்து ஓட்டும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.